எந்தப் ‘பாப்பம்’?

வெள்ளவத்தையில், வீடுகளுக்கு அட்டெண்டன்ட் அனுப்பும் ஒரு சின்ன ஏஜென்சியில் பத்தொன்பது வருடம் டெலிபோன் மேசையில் இருந்தேன். சொந்தக் காசில் பராமரிப்புத் தேடுகிறவர்களுக்கு விசாரிக்க வேறு இடம் கிடையாது. நேர்ஸ் வேண்டுமா, அட்டெண்டன்ட் போதுமா, எந்த ஹோம் நல்லது என்று எல்லாவற்றையும் எங்களிடம்தான் கேட்பார்கள். எனக்கும் எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு.

1. ஒரு டெலிபோன் கோல்

கொட்டாஞ்சேனையிலிருந்து மேரி டீச்சர் வந்தார். ஓய்வுபெற்றவர், கலியாணம் கட்டாதவர், சொந்தக்காரர் யாரும் நாட்டில் இல்லை. வீட்டை விற்று, அந்தக் காசைக் கட்டி இரத்மலானையில் ஒரு எல்டர்ஸ் ஹோமில் சேர நினைத்திருந்தார்.

“எனக்கு ஒண்டுதான் தெரியோணும் பிள்ளை. நான் படுக்கையில விழுந்தா, கடைசி வரைக்கும் அங்கயே வெச்சுப் பாப்பினமோ? எனக்குச் சிங்களம் ஓடாது. நீங்கள் ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ.”

அவர் முன்னாலேயே கோல் எடுத்தேன். ஹோம் மேனேஜர் அம்மா நான் சிங்களத்தில் கேட்டதைக் கேட்டுவிட்டு, “பலமு, பலமு” என்றார். நான் ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னேன்: “பாப்பமாம் டீச்சர்.”

டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

2. நபீலா கேட்ட கேள்வி

இரண்டு கிழமைக்குப் பிறகு டீச்சர் கோல் எடுத்தார். மறுநாள் காலை புதுக்கடையில் லோயரிடம் போய் வீடு விற்கும் உறுதியில் கையெழுத்து வைக்கிறாராம். பெரிய மனுசி மாதிரி வாழ்த்துச் சொல்லி ரிசீவரை வைத்தேன்.

எங்கள் அட்டெண்டன்ட், மாளிகாவத்தை நபீலா, எதிரில் நின்றார்.

“அந்த இரத்மலானை ஹோமா மிஸ்? நான் அங்க வேல செஞ்சீக்கிறேன். படுக்கையில விழுந்தா வெச்சிக்க மாட்டாங்களே.”

“பாப்பம் எண்டு சொன்னவ எல்லோ?”

“சிங்களத்துல என்ன சென்னாங்க? ‘பலாகன்னங்’ எண்டா, ‘பலமு’ எண்டா?”

“பலமு எண்டுதான்.”

“ஐயோ மிஸ்! ‘பலாகன்னங்’ எண்டாத்தான் பாத்துக்குவம். ‘பலமு’ எண்டா, பொறகு யோசிப்பம்.”

தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘பாப்பம்’தான். சிங்களம் எனக்குத் தெரியாததா? புடவைக் கடைகளில் விலையைக் கேட்டுவிட்டு, வாங்க மனமில்லாமல் “பலமு” என்று சொல்லி நழுவி வருகிறவளே நான்தான்.

மேனேஜருக்குத் திரும்பக் கோல் எடுத்து நேராகவே கேட்டேன். நடக்க முடியாமல் போனால் ஒரு மாதத்துக்குள் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார். டீச்சருக்கு அப்போது எந்த வீடு இருக்கும்?

டீச்சருக்குக் கோல் எடுத்தால் அடித்துக்கொண்டே இருந்தது; யாரும் எடுக்கவில்லை. ஒரு த்ரீவீலைப் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மாதா கோயிலில் மாலைப் பூசை முடிந்து வந்துகொண்டிருந்தவரை வாசலில் மறித்து, நடந்ததைச் சொன்னேன்.

“பிழை என்ரதான் டீச்சர். மன்னியுங்கோ.”

டீச்சர் கதவைத் திறந்தபடி, “முப்பது வருசம் தமிழ் படிப்பிச்சனான். அது என்ன ‘பாப்பம்’ எண்டு எனக்கும் எல்லோ கேக்கத் தோணேல்லை” என்றார். “வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

3. சொந்தக் கட்டில்

வீடு விற்கப்படவில்லை. மேல்மாடியை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார்; அந்த வாடகையில் நபீலா அட்டெண்டன்டாகப் போனார். மூன்றாம் வருடம் டீச்சர் படுக்கையில் விழுந்தார், ஆனால் தன்னுடைய கட்டிலில். கடைசி வரைக்கும் நபீலாதான் பார்த்தார். அன்று அவர் வாய் திறந்திருக்காவிட்டால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். அவருக்கு நான் பட்ட கடன் தீராது.

இந்த மேசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படுக்கையில் விழுந்தால் யார் பார்ப்பது, எங்கே, எதுவரைக்கும் என்று ஹோமிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

அவர் படுக்கையில் இருந்த காலத்தில், ஒரு ஞாயிறு டீச்சரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, “வாற கிழமையும் வருவீங்களோ?” என்று கேட்டார்.

“பாப்பம் டீச்சர்” என்று வாயில் வந்துவிட்டது.

படுத்தபடியே சிரித்தார். “எந்தப் பாப்பம், பிள்ளை?”

“வருவன் டீச்சர்” என்றேன். அடுத்த ஞாயிறு போனேன்.