ஒரு மா ஆந்தூரியம்

ராஜராஜன் என்ற பெயர் அவருக்கு ரொம்பப் பெரிசு. நன்னிலம் பக்கம் பத்து வேலி நிலத்துக்கு வாரிசு, ஆனால் காலில் சேறு பட்ட ஆள் இல்லை. வரப்பில் நின்று கை நீட்டுவதைத்தான் விவசாயம் என்று நினைத்திருந்தார். சம்பளம் வாங்குகிற யாரிடமும் பேச்சில் ஒரு 'ங்க' சேர்க்க மாட்டார். சேர்த்தால் நாக்கு தேய்ந்துவிடும்.

தொண்ணூற்றேழில் ஊரில் பாதிப் பேர் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருக்க, இவர் பெங்களூரில் ஏதோ கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்தார். பூ ஏற்றுமதி செய்யப்போவதாக வந்தவர் போனவரிடமெல்லாம் அளந்தார். மூடிக்கிடந்த சொந்த ரைஸ் மில்லுக்குள் கண்ணாடி அறை போட்டு, தாவரவியல் படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை வேலைக்கு வைத்தார். "பாட்டில்ல பூச்செடி வளக்கணும் ரசியா, அவ்வளவுதான்" என்றார். ஏதோ ஊறுகாய் போடுவது மாதிரி.

கலப்பின ஆந்தூரியப் பூச்செடியின் இலையை நறுக்கி, நோன்புக்கு அம்மா காய்ச்சும் கடல்பாசி போல உறைந்த ஊட்டக்கூழில் வைத்தேன். ஒரு தும்மல் போதும், பாட்டில் முழுக்கப் பூஞ்சணம் பிடித்துவிடும். துண்டு பச்சைக் கட்டியாகி, கட்டி குருத்து விட்டு, குருத்து வேர் பிடிக்கப் பதினாறு மாதம் ஆனது. மொத்தம் ஆறாயிரம் கன்றுகள், வெயில் என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்தவை.

அத்தா எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தச் செடி பொழச்சா வேலையில இரு. பட்டுப்போச்சுன்னா வீட்டுக்கு வந்துடு" என்று கெடு வைத்திருந்தார்.

பக்ரீத்துக்கு மூன்று நாள் லீவு. கிளம்பும்போது நான் செய்த முட்டாள்தனம் ஒரே ஒரு சொல். கன்று என்றால் இவர் மண்டையில் ஏறாது என்று நினைத்து, "நாத்து தயாருங்க சார், வந்ததும் வெளிய எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். தென்னைநார்த் தூளில் வைத்து, பாலித்தீன் மூடி, நிழலில் ஒரு மாதம் பழக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்ததை அவர் முடிக்க விடவில்லை.

"பத்து வேலி நட்ட குடும்பம். எனக்கே நாத்து நடச் சொல்லித் தர்றியா?"

திரும்பி வந்தபோது பாட்டில்கள் காலி. மனுஷன் மில்லுக்குப் பின்னால் ஒரு மா நிலத்தில் பம்ப்செட் தண்ணீரைப் பாய்ச்சிச் சேறடித்து, பதினெட்டு நடவுப் பெண்களைக் கூட்டிவந்து, கன்றுகளைக் கட்டுக் கட்டாக முடிந்து, பங்குனி வெயிலில் குலவை போட்டு நடவைத்திருந்தார். வரிசை மட்டும் அழகாக இருந்தது. செடியெல்லாம் அவித்த கீரை. நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"நாத்து சோடை. உன் கைராசி அப்படி" என்றார், குடைக்கு அடியிலிருந்து.

அடுத்த மாதமே கீழ்வேளூர் மளிகைக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டேன். ராஜராஜன் கண்ணாடி அறையில் கோழி வளர்த்தார், கோழியும் செத்தது. நிலம் கைமாறியது. கடைசியில் அவரும் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினார் என்று கேள்விப்பட்டபோது, அந்த ஊர் என்ன பாவம் செய்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து வருடம் கழித்து எங்கள் கடைக்கு அவரிடமிருந்து போன் வந்தது. அத்தாவிடம் நம்பர் வாங்கினாராம். அங்கே ஒரு நர்சரியில் தொட்டி தூக்குகிறார். ஊரில் லேப் வைத்திருந்ததாகப் பீற்றிக்கொண்டதை முதலாளி நம்பி, பாட்டில்களைத் தலையில் கட்டிவிட்டாராம்.

"முன்னூறு நாத்து ரசியா. வெளிய எடுத்து என்ன பண்ணணும்? பட்டுப்போச்சுன்னா ஊருக்கு அனுப்பிடுவான்."

ஐந்து வருடத்தில் அந்த ஒரு சொல்லைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. போனை வைக்கத்தான் கை போனது. ஆனால் பட்டுப்போனால் வீட்டுக்கு வா என்பதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

"கன்னுன்னு சொல்லுங்க சார், சொல்றேன்" என்றேன்.



"கன்னு" என்றார். "சொல்லுங்க."