வெக்ஸ்போர்ட் முஷாயிராவில் கடைசிப் பெயர்

உருது தெரியாத தமிழன் முஷாயிராவுக்கு, அதாவது அவர்களுடைய கவியரங்குக்கு, போவதென்றால் காரணம் வேண்டும். எனக்கு இருந்தது. உருதுக் கவிஞர் தாரிக் சாகிப் ஆங்கிலத்தில் பொருள் சொல்லச் சொல்ல, அவர் கவிதைகளை நான்கு குளிர்காலம் உட்கார்ந்து தமிழாக்கியவன் நான். இங்குள்ள நம்மவர் தமிழ்ச் சங்கங்கள் திரும்பியும் பார்க்கவில்லை. "ஏன், தமிழில எழுத ஆளில்லையோ?" என்று கேட்ட சங்கத் தலைவரை நான் மறக்கவில்லை. சென்ற அக்டோபரில் உருதுக்காரர்கள்தான் வாசிக்க அழைத்தார்கள்.

நான் இருக்கும் மார்க்கம் நகரிலிருந்து வெக்ஸ்போர்ட் பதினெட்டு கிலோமீட்டர். சனி மாலை நெரிசலில் நாற்பது நிமிடம். நண்பன் இரவி காரோட்டினான். நுழைவு இலவசம், சமோசாவும் தேநீரும் உண்டு.

சாகிப் பாகிஸ்தானில் முப்பது வருடம் மாவட்ட அதிகாரி. பகலில் நில வழக்கு, இரவில் கவிதை. தன் பேனாவில் இருப்பது மனுக்களில் கைநாட்டு வைத்தவர்களின் மை என்று எழுதினார். அந்த வரிக்காக அவரைத் தூர ஊருக்கு மாற்றினார்கள். அங்கிருந்தும் எழுதினார்.

மண்டபத்தில் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். சாகிப்புக்கும் கீழே, கடைசியில் என் பெயர்.

"சனம் வீட்டுக்கு வெளிக்கிட்டு ஜாக்கெட் மாட்டுற நேரம் உங்களுக்குத் தந்திருக்கினம், அண்ணை" என்றான் இரவி.

நம் கூட்டங்களில் அப்படித்தான். எழுந்து வாசல்வரை போய்விட்டேன். சாகிப் கையைப் பிடித்து நிறுத்தினார். முஷாயிராவில் இளையவர் முதலில் வாசிப்பார், கடைசி இடம் அன்றைய பெரிய கவிஞருக்கு என்றார். அது ஆண்டுதோறும் அவருடைய இடம்.

"யாருக்கு எந்த நாற்காலி என்று முப்பது வருடம் தீர்மானித்தவன் நான். இதைத் தவறாகப் போடுவேனா?"

அவருக்குப் பின் வாசித்தேன். ஒருவரும் எழவில்லை. கைநாட்டு வரியைத் தமிழில் சொன்னதும் முன்வரிசையில் ஒரு முதியவர், "முகர்ரர்" என்றார். மறுபடி சொல் என்று பொருள். பின்னாலிருந்து இரவியின் குரலும் வந்தது: "இன்னொருக்காச் சொல்லுங்கோ." அந்த மண்டபத்தில் தமிழ் இரண்டு முறை ஒலித்தது.

போகிறவர்களுக்கு: வாகனத்தைப் பின்பக்கம் நிறுத்துங்கள். கை தட்டாதீர்கள், வரி பிடித்தால் மறுபடி கேளுங்கள். உங்கள் பெயர் கடைசியில் இருந்தால் ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு நிம்மதியாக உட்காருங்கள்.

அந்தத் தலைவருக்கும் அழைப்பு அனுப்பியிருந்தேன். வரவில்லை. வந்திருந்தால் அவரைத்தான் முதலில் வாசிக்கச் சொல்லியிருப்பார்கள்.