திங்கட்கிழமைக் காய்ச்சல்

ஹைதராபாத்தில், எங்கள் மாதாப்பூர் அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதென்று, குடியை விட நினைப்பவர்கள் கூடும் கூட்டத்தைத் தேடி போவன்பள்ளி வரை போனேன். உள்ளே நுழைந்தால், எங்கள் மேலாளர் லதா மேடம் உட்கார்ந்திருக்கிறார்! திங்கட்கிழமைகளில் காய்ச்சல் என்று நான் பொய் சொல்லி லீவு கேட்பது அவரிடம்தான். அப்படியே வாசலுக்குத் திரும்பினேன்.

“நக்கோ, வேண்டாம், போகாதீங்க,” என்றார், ஹைதராபாத்திலேயே வளர்ந்த அவர். “அந்தத் திங்கக்கிழமைக் காய்ச்சல் எனக்கும் வந்துட்டிருந்தது. குடியை விட்டு நாலு வருஷம் ஆச்சு.”

திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் எழுந்து, “நான் ஒரு குடிநோயாளி” என்று முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

பைக்கில் திரும்பும்போது ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்தேன். குடிக்காமலேயே அவ்வளவு சந்தோஷம் வரும் என்பதை மறந்தே போயிருந்தேன்.