லாகின் செய்தால் பாட்டு வரும்

மைக் செட் தொழிலில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் நம்மை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒன்று பிசகினால் கூட்டமே திரும்பிப் பார்க்கும். இதே தொழிலில் கிடந்து அல்லாடும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் சரணம்

பாறசாலைக்குப் பக்கத்துக் கிறிஸ்தவ சபையில் கன்வென்ஷன், வருஷா வருஷம் சில நாள் நடக்கும் ஜெபக் கூட்டம். ஸ்கிரீனில் பாட்டு வரிகளைக் காட்டுவதும் என் வேலைதான். லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் லாகின் செய்து, பாட்டு புரோகிராமை நான் தேடி எடுப்பதற்குள் சபையார் இரண்டாம் சரணத்துக்குப் போய்விட்டார்கள். கமிட்டி செக்ரட்டரி என்னுடைய மைக்கையே பிடித்துச் சொன்னதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

"அண்ணன் கண்டுபிடிக்கிறது வரை எல்லாரும் மனப்பாடமா பாடுங்க. அடுத்த வருஷம் காட்டாக்கடையில இருந்து வேற ஆளைக் கொண்டுவாறோம்."

மருமகள் கேட்டது

அந்தக் கன்வென்ஷன் கைவிட்டுப் போனால் மற்ற சபைகளும் போய்விடும். மருமகளிடம் சொன்னேன், அவள் கம்ப்யூட்டர் டீச்சர். லாகின் செய்த உடனே புரோகிராம் தானாகத் திறக்கும்படி வைக்கலாம் என்றாள். ஒரு யூசருக்கு மட்டும் போதுமா, எல்லா யூசருக்கும் வேண்டுமா என்று கேட்டாள். பொதுவாக இருப்பது நல்லதுதானே? எல்லாருக்கும் போடச் சொன்னேன்.

"பொறவு என்னைக் குத்தம் சொல்லப்பிடாது மாமா."

அம்மன் சன்னிதியில்

நெய்யாற்றின்கரைப் பக்கம் கோயில் திருவிழா. கோயில் வேலைக்கென்று அதே லேப்டாப்பில் தனி யூசர் வைத்திருந்தேன். லாகின் செய்தேன். ஸ்கிரீனில் அம்மன் படம் வருமுன் சிலுவை வந்தது, கீழே கீர்த்தனை வரிகள். முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் அதை ராகத்தோடு முணுமுணுக்கவும் செய்தார்கள். பக்கத்துச் சபையில் என் ஸ்பீக்கர் அலறியதைக் கேட்டுப் பழகியதுதான், வேறென்ன.

திருவிழாக் கமிட்டித் தலைவர் என்னோடு அஞ்சாம் வகுப்பில் இருந்தவர். நான் அதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். அவர் வந்து என் காதில் சொன்னார்:

"எலே, அம்மைக்கு ஒண்ணும் தோணாது. கமிட்டிக்காரனுக்குத்தான் தோணும். வேகமா மாத்து."

முதல் நாள் மட்டும்

மறுவருஷம் கன்வென்ஷனில், பாஸ்டர் சொன்னதற்காக, முதல் நாளை மட்டும் செக்ரட்டரி எனக்குத் தந்தார். மீதி நாட்களுக்குக் காட்டாக்கடை ஆளாம். இதற்குள் மருமகள் சபை யூசருக்கு மட்டும் பாட்டு திறக்கும்படி மாற்றியிருந்தாள்.

செக்ரட்டரி வேண்டுமென்றே என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். லாகின் செய்தேன். ஆர்மோனியக்காரர் கை வைப்பதற்கு முன்பே வரிகள் ஸ்கிரீனில் நின்றன. பாட்டு முடிந்தது. செக்ரட்டரி சொன்னார்:

"எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கு அண்ணே. நாளைக்குப் பெருசா வையுங்க."

மீதி நாட்களும் எனக்கே கிடைத்தன என்றாலும், அந்த ஆள் வாயில் ஒரு நல்ல வார்த்தை தானாக வரும்படி வைக்க லினக்ஸிலும் வழியில்லை.