வாகனத்தில் பிழையில்லை

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவுகளே, நண்பர்களே,

அண்ணை பிறந்தது பண்டத்தரிப்பில். கண் மூடியது வுப்பர்டாலில். இடையில் கிடக்கும் தூரத்தை அவர் எதிலெதில் கடந்தார் என்று நினைக்கத் தொடங்கினால் என் பேனா ஓரிடத்தில் நிற்காது. துவிச்சக்கரவண்டி, தட்டிவான், கொழும்பு ரயில், விமானம், பெர்லினில் ஒரு நிலக்கீழ் ரயில், முகாமுக்குப் போன பஸ். கடைசியாக, நெற்றி புடைத்த ஒரு பழைய வெள்ளை டீசல் வாகனம். வோன்மொபில் என்று ஜேர்மன்காரர் சொல்லும் அந்த வீட்டு வாகனத்தை அறியாதவர் இந்த மலரைப் பெறுபவர்களில் இருக்க முடியாது. உங்கள் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் அது ஒருநாள் இருமிக்கொண்டு வந்து நின்றிருக்கும்.

அண்ணையும் தங்கை நானுமாக நாங்கள் இரண்டே பிள்ளைகள். ஐயா நேரத்தோடு போய்விட்டதால் அண்ணை பள்ளிக்கூடத்தை விட்டு லொறி திருத்தும் கராச்சில் சேர்ந்தார். என்னைக் கவிதை எழுதும் அளவுக்குப் படிக்க வைத்தார். நாட்டு நிலைமை துரத்த, எண்பதுகளில் இங்கு வந்து முகாமில் ஒடுங்கினார். அந்தக் காலத்தில் அகதி விண்ணப்பம் போட்டவர்கள் அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. அண்ணை பஸ்ஸில் ஏறி, அது திரும்பும் கடைசித் தரிப்பு வரை போவாராம். இறங்கி, அங்கிருந்து அப்பால் போகும் தெருவைக் கொஞ்ச நேரம் பார்ப்பாராம். பிறகு அதே பஸ்ஸில் ஏறித் திரும்பி வருவாராம். இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

அண்ணி வந்த கதையைப் பிள்ளைகளுக்காக இங்கே எழுதுகிறேன். நிச்சயம் செய்த பெண்ணாக, எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரரை நம்பி, தனியே புறப்பட்டவர் அவர். கடைசிப் பயணம் பூட்டிய லொறி ஒன்றின் பின்பக்கத்தில், டீசல் பீப்பாக்களுக்கு நடுவே. கதவு திறந்தபோது அவருக்கு எழுந்து நிற்க முடியவில்லை. அண்ணையைக் கண்டு அவர் கேட்ட முதல் வார்த்தை, "தண்ணி". கலியாணம் நடந்தது, மகள் பிறந்தாள், வளர்ந்தாள், லைப்சிக்கில் குடும்பமானாள். ஆனால் அந்த டீசல் மணம் மட்டும் அண்ணியை விட்டுப் போகவில்லை. எரிபொருள் நிலையத்தைத் தாண்டும்போது இன்றைக்கும் சால்வையை மூக்கில் பிடித்துக்கொள்வார்.

இரும்புத் தொழிற்சாலையில் உழைத்து, ஓய்வை எட்டும் வேளையில், அண்ணை அந்த வாகனத்தை வீட்டடியில் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணி யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"வாங்கிறதெண்டு வாங்கினியள், அதுக்கு டீசலோ?"

"உந்தப் பழசெல்லாம் டீசல்தானப்பா."

"அப்ப நீங்களே அதிலை போயிட்டு வாங்கோ."

அவர் மட்டுமே போய் வந்தார். ஒரே கலியாண வீட்டுக்கு அண்ணி ரயிலிலும் அண்ணை வாகனத்திலும் போன காட்சி எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியது. அண்ணை முந்திப் போவார். வாகனத்தைத் தூரத்தில் விட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பு மாற்றி, நடந்தே நிலையத்துக்குப் போய், அண்ணி இறங்கும் மேடையில் நிற்பார். பாரிஸில் இருக்கும் எங்கள் மாமா மகன், பாரிஸ் மச்சானுக்கு, இருவரும் தனித்தனியே வருவதும் பிடிக்காது, அண்ணை வாகனத்தில் படுப்பதும் பிடிக்காது.

"வீட்டிலை அறை கிடக்க றோட்டிலை படுக்கிறியேடா? சனம் என்னை என்ன சொல்லும்?"

"உன்ரை குறட்டைக்குப் பயந்துதான் மச்சான்."

உண்மை வேறு. அண்ணையின் மனதில் ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு தடவை அண்ணி அந்த வாகனத்தில் ஏற வேண்டும். ஓரிரவு அதில் பயமில்லாமல் நித்திரை கொள்ள வேண்டும். பூட்டிய வாகனத்துக்குள் அவர் பட்ட அந்த இரவுகளுக்கு மேல், யன்னலும் திரைச்சீலையும் உள்ள இன்னோர் இரவைப் போட்டு மூடிவிட வேண்டும். அதற்கு டீசல் மணம் போக வேண்டும். அவ்வளவுதான். அவர் ஓயாமல் அதன் கீழே கிடந்தது இயந்திரப் பைத்தியத்தால் அல்ல.

ஆனால் பழைய டீசல் வாகனம் வேர்க்கும். சொட்டினால் கண்டுபிடிக்கலாம். அது சொட்டாது. ரப்பர் குழாய் மயிரிழையாய் வெடித்து, பொருத்துகளில் வெறும் ஈரமாய்ப் பரவி, சூடு ஏறியதும் மணமாகி உள்ளே வந்துவிடும். அண்ணை குழாய்களை மாற்றினார். பில்டரின் ரப்பர் வளையத்தை மாற்றினார். டீசல் தாங்கியின் மூடியை மாற்றினார். டீசலில் எரிந்த சூடாக்கியைக் கழற்றிவிட்டு எரிவாயுச் சூடாக்கி பூட்டுவித்தார். எங்கே கசிகிறது என்று பிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. பொருத்துகளைத் துடைத்துக் காயவிட்டு, மேலே திருநீறு தூவுவார். ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து பார்ப்பார். கசிந்த இடத்தில் திருநீறு கறுத்திருக்கும்.

சாமியறையில் திருநீறு குறைந்ததை அண்ணி கண்டுபிடித்த நாளில் நானும் அங்கிருந்தேன்.

"சாமிக்கு வைச்சதைக் கொண்டுபோய் எஞ்சினுக்குப் பூசிறியளோ? உங்களுக்கு விசரோ?"

"பவுடர் போடலாமப்பா. பவுடர் வாசம். பிறகு டீசல் மணம் எப்பிடித் தெரியும்?"

"மூண்டு குறியாப் பூசினியளோ, சும்மா அள்ளிப் பூசினியளோ?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்ட கேள்வி அது. அண்ணை வெளியே போய்விட்டார்.

பரிசோதனைக் கருவி என் மூக்கு. அதே நகரில் இருந்த என்னைக் கூப்பிடுவார். நான் தலையை உள்ளே நீட்டுவேன்.

"மணந்து பார் பிள்ளை."

"ஒண்டுமில்லை அண்ணை."

"உனக்குத் தடிமன், மூக்கு அடைச்சிருக்கு. போ."

பிறகுதான் அந்த வசனம் தொடங்கியது. தொலைபேசியில், ஒருநாள் விட்டு ஒருநாள். "ஏத்தத்திலை மூச்சு முட்டுது பிள்ளை." தமிழில் அந்த வசனத்துக்கு எழுவாய் வேண்டியதில்லை. யாருக்கு முட்டுகிறது என்று சொல்லாமலே அது முழுமையாக நிற்கும். வுப்பர்டால் முழுக்க ஏற்றம். பழைய வாகனம். வாகனத்தைத் தவிர வேறெதையும் பேசாத அண்ணை. நாங்கள் எல்லோரும் வாகனத்துக்குத்தான் முட்டுகிறது என்று கேட்டுக்கொண்டோம். அண்ணைக்கு அது தன் மூச்சு என்று தெரியும். ஆனால் பிழை எங்கே என்பதில் அவரும் எங்களோடுதான் நின்றார். ஏற்றம் ஏறும்போது புகை உள்ளே வருகிறது, அதனால்தான் தனக்கு முட்டுகிறது என்பது அவருடைய முடிவு.

புகைக்குழாயின் இணைப்பை மாற்றினார். கதவு ரப்பர்களை மாற்றினார். கியர்த்தடியைச் சுற்றியிருந்த இடைவெளியை அடைத்தார். கீழ்வீட்டு ஜேர்மன் முதியவர் நச்சுப்புகை வந்தால் கத்தும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அது கத்தவில்லை.

"உது பழுது," என்றார் அண்ணை. கொண்டுபோய்ப் புகைக்குழாயின் வாயில் பிடித்தார். தெரு முழுக்கக் கேட்க அலறியது.

"வேலை செய்யுது," என்றார். "அப்ப கொஞ்சமா வருது போல. இதுக்குத் தெரியாத அளவு. ஆனா உன்ரை அண்ணிக்குத் தெரியும்."

அண்ணியை இன்னும் கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கு, இன்னும் கொஞ்சம் இருக்கு என்றே ஒரு கோடையும் ஓர் இலையுதிர்காலமும் போயின.

இந்த நகரத்தின் படிக்கட்டுகளை அறிவீர்கள். கீழே பள்ளத்தாக்கில் தொங்கு ரயில், மேலே வீடுகள், நடுவில் முடியாத கற்படிகள். தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு அண்ணை படியேறி வந்திருக்கிறார். நான் வேலையில் இருந்தேன். தொலைபேசி அடித்தது.

"பிள்ளை."

"எங்கை நிக்கிறியள்? என்ன சத்தம் அது?"

"படியிலை." அந்தச் சத்தம் அவருடைய மூச்சு. "வாகனம் வீட்டடியிலை நிக்குது. நான் படியிலை நிக்கிறன். இஞ்சையும் முட்டுது."

நான் வேலையை விட்டு எழும்பினேன்.

"வாகனத்திலை பிழை இல்லை பிள்ளை."

இந்தச் செய்தியைக் கேட்கத்தானே இத்தனை நாளும் அவர் மண்ணில் முதுகு தேயக் கிடந்தார்! அது இப்படியா வர வேண்டும்? மணம் எப்போதோ போய்விட்டது என்று அப்போது விளங்கியது. எத்தனையோ மாதமாக அண்ணி ஏறக்கூடிய வாகனமாகத்தான் அது வாசலில் நின்றிருக்கிறது. கறுக்காத திருநீறை நம்பாமல், கத்தாத கருவியை நம்பாமல், தன் நெஞ்சை மட்டும் நம்பியிருக்கிறார் அண்ணை. அந்த நெஞ்சிலேதான் பிழை.

நுரையீரல் வைத்தியர் படத்தைக் காட்டினார். நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டு வருகிறது, போன இடத்தை மீட்க முடியாது, மாற்றுச் சத்திரசிகிச்சையை உடல் தாங்காது என்றார். அண்ணை ஜேர்மன் மொழியில் மரியாதையாக நன்றி சொன்னார். வெளியே வந்து எங்களிடம் தமிழில் சொன்னார்:

"இந்த மொடலுக்கு மாத்தப் பாட்ஸ் இல்லையாம்."

அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாரிக் குளிர் முழுவதும் பிராணவாயு தரும் மூச்சு மெஷினோடு போனது. மூக்கில் குழாய். வீடு முழுவதும் அது பின்னால் இழுபட்டது. வாகனத்தைப் பற்றி அண்ணை பேச்சே எடுக்கவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. மரங்கள் தளிர்த்த ஒரு காலை, தேத்தண்ணியை வைத்துக்கொண்டு அண்ணி சொன்னார்:

"இஞ்சேருங்கோ. நான் வாறன்."

"எங்கை?"

"உங்கடை வாகனத்திலை. ஒரு இரவு. மச்சாள் வாகனத்தை ஓடட்டும்," என்று என்னைக் காட்டினார்.

அண்ணை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "மெஷினுக்குக் கரண்ட் வேணும். பற்றரி ஒரு இரவு தாங்க வேணும்," என்றார். குரலில் பழைய ஆள் வந்துவிட்டார்.

புதிய பற்றரி வாங்கிப் பூட்டினோம். மெஷினை ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் கீச்சிட்டு நின்றது. மீண்டும் நிறையச் சார்ஜ் ஏற்றினோம். மீண்டும் நின்றது. கீழ்வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு, மூக்குக் குழாயோடு அண்ணை இருந்தார். நான் வாகனத்தின் கீழே.

"பற்றரியிலை கரண்ட் இருக்கு. மெஷினுக்குப் போய்ச் சேருதில்லை. கறுப்பு வயர் எங்கை போய் முடியுதெண்டு பார்."

"இரும்பிலை முறுக்கிக் கிடக்கு."

"எப்பிடிக் கிடக்கு?"

"கறள் அண்ணை. ஒரே கறள்."

"அதுதான். ஏர்த் பிடிக்கேல்லை. சுரண்டு."

"கண்ணுக்குள்ளை கொட்டுண்ணுது."

"சுரண்டடி. உன்ரை கவிதையைவிட உது விளங்கிற வேலை."

இரும்பு வெள்ளையாய்த் தெரியும்வரை துருவைச் சுரண்டி இறுக்கினேன். அன்று பின்னேரம் முழுவதும் மெஷின் நிற்கவில்லை. கடலுக்குப் போக ஆசைப்பட்டோம். வைத்தியர் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட நில்லுங்கள் என்றார். பக்கத்து அணைக்கட்டின் ஓரத்தில் வாகனங்கள் நிற்க இடம் உண்டு. அது போதும் என்றார் அண்ணை.

அவரை முதலில் ஏற்றிப் படுக்க வைத்தோம். அண்ணி பிட்டுப் பெட்டியோடு வந்து, வாசற்படியில் ஒரு காலை வைத்து, நின்றார். கை கதவின் பிடியில். அண்ணை தலையணையிலிருந்து அவருடைய முகத்தையே பார்த்தார். அண்ணி ஏறினார்.

"மணக்குதோ?"

"என்ன?"

"டீசல்."

"இல்லையப்பா. ஒண்டுமில்லை."

"வடிவா மணந்து சொல்லும்."

"இல்லையெண்டுறன்."

அண்ணை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் போய் எஞ்சினை இயக்கினேன்.

இரவு நான் முன்பக்கத்து மேற்கட்டிலில் படுத்தேன். விடிந்து இறங்கியபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் வெயில் விழுந்து கூரைவரை ஆடியது. கீழே இருவரும் ஒரே போர்வைக்குள் நல்ல நித்திரை. அண்ணியின் கை அண்ணையின் நெஞ்சில் இருந்தது. எழுப்பாமல் கதவைத் திறந்து வெளியே போய் நின்றேன். எங்கள் அண்ணை அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதமே, ஆஸ்பத்திரியில், அண்ணியும் மகளும் நானும் பக்கத்தில் இருக்க, அமைதியாக மூச்சை விட்டார்.

அவரைக் கடைசிவரை மதிப்போடு பார்த்த வைத்தியருக்கும் தாதியருக்கும், கருவி தந்த கீழ்வீட்டு முதியவருக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறும் கறியும் சுமந்து வந்தவர்களுக்கும், தேவாரம் படித்தவர்களுக்கும், தோள் தந்தவர்களுக்கும், தூர தேசங்களிலிருந்து தொலைபேசியில் அழுதவர்களுக்கும் நாங்கள் கைகூப்பிக் கடமைப்பட்டிருக்கிறோம். பாரிஸ் மச்சான் வந்து, வீட்டில் இடம் இருந்தும், வாகனத்தில் போய்ப் படுத்து எழும்பினார். அவருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு இந்த மலரை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். 'ஒண்டுமில்லை' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது பொய் மச்சாள்."

"எது?"

"மணந்தது. கதவடியிலையே மூக்கிலை அடிச்சது. அந்த லொறி மணம்."

"அப்ப ஏன் அண்ணி ஏறினியள்?"

"அந்தாள் என்ரை மூஞ்சையைப் பாத்துக்கொண்டெல்லே கிடந்தது. என்னெண்டு இறங்கிறது?" சால்வையை மடித்தார், விரித்தார். "மூச்சைப் பிடிச்சுக்கொண்டுதான் கிடந்தன். அவர் நித்திரையாப் போனார். பிறகு அவற்றை மூச்சைக் கேக்கத் தொடங்கினன். அதைக் கேட்டுக்கொண்டு கிடக்கேக்கை மற்றது மறந்துபோச்சு. நானும் கண்ணயந்திட்டன்."

"இதையும் எழுதட்டோ?"

சால்வையைத் தோளில் போட்டார்.

"எழுதும். வாகனத்திலை கிடக்கிற அந்தப் போர்வையை மட்டும் ஒருத்தரும் தோய்க்க வேண்டாம். இன்னும் அவர் மணக்கிறார்."