சோறு துன்னியா?

இது நடந்து நாலு வருஷம் ஆகப் போகுது. பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்ன, ஆரணியிலிருந்து தேசூர்ல இருக்கற என் தங்கச்சி வீட்டுக்குச் சீர் எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். அன்னைக்கு நான் பேசின ரெண்டு வார்த்தையை இன்னைக்கு வரைக்கும் என்னால முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.

முதல்ல என்னைப் பத்திச் சொல்லிடறேன். ஆரணியில ஒரு பட்டுப்புடவைக் கடையில நான் சேல்ஸ்மேன். பாய் மேல சம்மணம் போட்டு உக்காந்து, புடவையைப் பிரிச்சி விரிச்சிக் காட்டுற வேலை. காலுக்கு வேலையே கிடையாது, வாய்க்குத்தான் வேலை. அதுவும் டபுள் டியூட்டி. பேசறதுக்குப் பேச்சு, துன்றதுக்குத் தீனி. வெயிட்டு நூத்தி நாலு கிலோ. சுகரும் வந்து சேர்ந்துச்சி. கால் கட்டை விரல்ல ஒரு சின்னப் புண்ணு, மாசக்கணக்கா ஆறல. டாக்டர் பார்த்துட்டு, "வாயைக் கட்டலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும்"னு சொல்லிட்டார். அன்னைக்கு வீட்டுக்கு வந்து காலைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். பயம்னா அப்படி ஒரு பயம்.

அந்தச் சமயத்துலதான் கல்யாண ஜவுளி எடுக்க வந்த ஒருத்தர் பேலியோ பத்திச் சொன்னார். சோறு, இட்லி, சப்பாத்தி, சர்க்கரை, பருப்பு எதுவும் கிடையாது. கறி, மீன், முட்டை, காய், கீரை, வெண்ணெய், தேங்காய் மட்டும். போன்ல ஒரு குரூப்ல சேர்த்து விட்டார். டாக்டர்கிட்டயும் கேட்டேன். ரத்தம் எல்லாம் டெஸ்ட் பண்ணி, மாத்திரையைக் குறைச்சிக் கொடுத்து, மாசா மாசம் வந்து காட்டணும்னு சொன்னார்.

குரூப்ல இருக்கறவங்க சீஸ், அவகாடோன்னு போட்டோ போடுவாங்க. ஆரணியில அதுக்கு நான் எங்க போறது? நமக்குக் கிடைக்கிறதை வெச்சி ஓட்டினேன். காலையில நூறு பாதாம். முந்தின நாளே ஊற வெச்சி, வறுத்து, எண்ணி டப்பாவுல போட்டுக்குவேன். மதியத்துக்கு நாட்டுக்கோழி முட்டை நாலு, வெண்ணெயில வதக்கின சுரைக்காயோ பூசணியோ. ராத்திரிக்கு ஆட்டுக்கறி, இல்லைன்னா கருவாட்டுக் குழம்பு, புளியைக் குறைச்சி. முருங்கைக்கீரை பின்பக்கத்து மரத்துலயே இருந்துச்சி. காலிஃபிளவரைத் துருவி ஆவி கட்டி, அதைச் சோறுன்னு நெனச்சிக்கிட்டுத் துன்ன நாளும் உண்டு. மொத பத்து நாள் தலைவலி, எரிச்சல், ஒரே பேஜார். எதிர்ல என் பொண்டாட்டி களம்பூர் அரிசிச் சோத்துல ரசத்தை ஊத்திப் பெசையறப்போ அந்த வாசனைக்கு எழுந்து தெருவுக்கே ஓடியிருக்கேன். ஆனா விடல. கடை ஆயுத பூஜைக்குக் கொடுத்த பொரியைக்கூடத் தொடல.

ஒரு வருஷத்துல இருபத்திரெண்டு கிலோ குறைஞ்சேன். புண்ணு ஆறிடுச்சி. விரல் தப்பிச்சிது. அதோட நிறுத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். எனக்குத் தலைக்கனம் ஏறிடுச்சிங்க. யாரைப் பார்த்தாலும் மூஞ்சியைப் பார்க்க மாட்டேன், வயித்தைப் பார்ப்பேன். புடவை வாங்க வந்தவங்ககிட்டகூட பார்டரைக் காட்டிக்கிட்டே பேலியோ கிளாஸ் எடுப்பேன். எங்க பக்கத்துல ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா மொதல்ல கேக்கறதே "சோறு துன்னியா?"ன்னுதான். அதைக் கேட்டாலே எனக்குச் சுர்ருன்னு ஏறும். "நான் சோறு துன்றதில்லப்பா. சாப்பிட்டியான்னு கேளு"ன்னு திருத்துவேன். கடையில என் காது படவே சிரிப்பாங்க. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்கன்னு விட்டுடுவேன்.

என் தங்கச்சிக்கு நாப்பத்தஞ்சு வயசு. நாங்க ரெண்டு பேர்தான். அவளுக்குக் கல்யாணமாகி வளர்ந்த பொண்ணு இருந்தும், எனக்கு அவ பாப்பாதான். அப்படித்தான் கூப்பிடுவேன். அப்பா அம்மா போனதுக்கப்புறம் பொங்கல் சீரை நான் ஒரு வருஷம்கூட விட்டதில்ல. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, ஒரு புடவை. நான் கொண்டு போற அரிசியில ரெண்டு கை எடுத்து அப்பவே பொங்கி, எனக்கு மொத வாய் போட்டுட்டுத்தான் அவ துன்னுவா. அது ஊர் வழக்கம் கிடையாது. அவளா வெச்சிக்கிட்ட வழக்கம்.

அன்னைக்கு ரெண்டு பஸ் மாறிப் போய் இறங்கினா, வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா. பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். ஆள் பாதியா எளச்சிருந்தா. கன்னம் ஒட்டி, தோள் எலும்பு தெரிஞ்சிது, ஜாக்கெட்டு தொளதொளன்னு இருந்துச்சி. வேற யாரா இருந்தாலும், "இன்னா ஆச்சி ஒடம்புக்கு?"ன்னு கேட்டிருப்பாங்க. நான் இன்னா சொன்னேன் தெரியுமா?

"அடடே, சூப்பர் பாப்பா! பேலியோ இல்லாமலே எளச்சிட்டியே!"

அவ சிரிச்சா. உள்ளே கூப்பிட்டு உக்கார வெச்சி, ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டாந்து என் முன்னால வெச்சா. தொறந்தா, தோல் உரிச்சி வெண்ணெயில வறுத்த வேர்க்கடலை. "நூறு கீதுண்ணா. எண்ணிப் போட்டேன். பாதாமுக்கு நான் எங்க போவேன்? நம்ம கழனிக் கடலைதான். உனக்கோசரம் ராத்திரியே ஊற வெச்சிட்டேன்"னு சொன்னா. நான் எப்பவோ போன்ல நூறு பாதாம்னு பீத்திக்கிட்டதை அவ ஞாபகம் வெச்சிருந்திருக்கா.

வாங்கி நாலைத் துன்னிருந்தா இன்னா குறைஞ்சி போயிருக்கும்? நான் வாத்தியார் ஆயிட்டேன். "பாப்பா, வேர்க்கடலை கொட்டை கிடையாது, அது பயறு. பேலியோல தொடவே கூடாது"ன்னு சொல்லி டப்பாவை மூடி அவ பக்கம் தள்ளி விட்டேன். அவ மூஞ்சி சுருங்கிப் போச்சி. "எனக்கு இன்னா தெரியும்ணா, கடலைன்னா எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சேன்"னு சொல்லிட்டு எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அப்புறம் இலை போட்டா. கறி, முட்டை எல்லாம் எனக்குன்னு தனியாப் பண்ணியிருந்தா. ஓரத்துல மட்டும் சீர் அரிசியில பொங்கின சோறு, ஒரே ஒரு கரண்டி. "ஒரு வாய்ணா. சாமிக்குப் படைச்ச மாதிரி நெனச்சிக்கோ"ன்னா. நான் அந்தச் சோத்தை விரலால ஒதுக்கிட்டுக் கறியைத் துன்னேன். ஒரு வருஷமா தொடாதவனாச்சே, சாதனை முறிஞ்சிடக் கூடாதுன்னு ஒரு வீம்பு.

எனக்குப் போட்டுட்டு அவளும் உக்காந்தா. அவ தட்டுல ரெண்டு கவளம்தான். அதையும் பெசைஞ்சிக்கிட்டே இருந்தா, வாய்க்குப் போகல. "இன்னான்னு தெரியலண்ணா, கொஞ்ச நாளா சோறு எறங்க மாட்டேங்குது. நெஞ்சுலயே நின்னுக்குது. பசியும் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாமான்னு கீது"ன்னு கேட்டா.

இங்கதான் நான் அந்த ரெண்டு வார்த்தையைச் சொன்னேன். "நல்லதுதான், விடு." அதோட நிறுத்தினேனா? பசிக்கலைன்னா துன்னாத, அதுக்குப் பேரு ஃபாஸ்டிங், ஒடம்பு தன் கொழுப்பைத் தானே எரிச்சிக்குது, உலகமே அதுக்குத்தான் அலையுதுன்னு கால் மணி நேரம் அளந்தேன். அவ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டா. நான் சொன்னா அவளுக்கு அப்பா சொன்ன மாதிரி.

பங்குனி மாசம் பாப்பாவோட வீட்டுக்காரர், எங்க மாப்ள, போன் பண்ணார். அவ நூறு நாள் வேலைக்குப் போன இடத்துல மயங்கி விழுந்துட்டான்னு. வேலூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். குழாய் விட்டுப் பார்த்தாங்க. உணவுக்குழாய்ல கட்டி. கேன்சர். பரவியிருந்துச்சி.

ரூம்ல நாங்க மூணு பேரும் இருந்தோம், நான், மாப்ள, நாற்காலியில அவ. டாக்டரம்மா, "எப்பலேருந்து முழுங்க முடியல?"ன்னு கேட்டாங்க. மாப்ள வெள்ளந்தி மனுஷன். "பொங்கலுக்கு முன்னாலேருந்தேங்க. நான் கூப்பிட்டேன் மேடம். இதுதான் வரல. அண்ணன் நல்லதுன்னு..."ன்னு ஆரம்பிச்சார்.

அவ சட்டுனு குறுக்கால புகுந்தா. "நான்தாங்க சாதாரணம்னு நெனச்சிட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லலங்க"ன்னா. என் பக்கம் திரும்பவே இல்ல. நான் செவுத்துல ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

அப்புறம் நான் மட்டும் தனியாப் போய் டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மூணு மாசம் முன்ன வந்திருந்தா பொழைச்சிருப்பாளான்னு கேட்டேன். அவங்க, "உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதுங்க"ன்னாங்க. ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. அதைத்தான் இன்னும் சுமந்துகினு கீறேன்.

அதுக்கப்புறம் லீவு கிடைச்சப்பல்லாம் அவகூடத்தான் இருந்தேன். கடைசியில கஞ்சிதான், அதுவும் வடிகட்டினது. சோத்தைக் கரைச்சி, மசிச்சி, துணியில வடிச்சி ஸ்பூன்ல ஊட்டுவேன். சோறே விஷம்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சவன், ரெண்டு ஸ்பூன் கஞ்சி எறங்கிட்டா சாமிக்குக் கற்பூரம் ஏத்தினேன். ஒருநாள் ஊட்டிக்கிட்டிருக்கறப்போ அவ என்னைக் கேட்டா, சத்தமே வராத குரல்ல.

"நீ சோறு துன்னியாண்ணா?"

கேட்டதுமே நாக்கைக் கடிச்சிக்கிட்டா. "அய்யோ, மறந்துட்டேன். சாப்ட்டியா?"ன்னு திருத்தினா. தொண்டையில கட்டியை வெச்சிக்கிட்டு, என் கோவத்துக்குப் பயந்து வார்த்தையைத் திருத்தினா என் பாப்பா. டம்ளரைக் கழுவறேன்னு வெளியில போயிட்டேன். திரும்பி வந்து ஒரு வாய் சோறு கேட்டு அவ முன்னால துன்னிருக்கணும். அந்த புத்தி வந்து நான் உள்ளே திரும்பறதுக்குள்ள அவ தூங்கிட்டிருந்தா. நாளைக்குத் துன்னலாம்னு விட்டுட்டேன்.

ஆடி மாசம் அவ போயிட்டா.

பொறந்த வீட்டுக் கோடிப் புடவை நான்தான் எடுத்துக்கிட்டுப் போனேன். ஆயிரக்கணக்கான பேருக்குப் புடவை விரிச்சிக் காட்டின கையி, அவளுக்கு ஒரு புடவை எடுக்க முடியாம பிரிக்கறதும் மடிக்கறதுமாவே இருந்துச்சி. கடைசியில கூட வேலை செய்றவர்தான் ஒண்ணை எடுத்து மடிச்சிக் கொடுத்தார். பொறந்த வீட்டு வாய்க்கரிசியும் என்னோடதுதான். தட்டுல பச்சரிசியை நீட்டி, "மொதல்ல அண்ணன் போடுங்க"ன்னு சொன்னாங்க. அள்ளினேன். நான் சீருக்குக் கொண்டு போற அதே களம்பூர் பச்சரிசி. எனக்கு ஒரு வாய் போடணும்னு கெஞ்சினவ வாயில, மூணு தடவை நான் அரிசி போட்டேன். எறங்கல. உதட்டோரமா வழிஞ்சி கழுத்துல விழுந்துச்சி. அதை எடுத்துப் போடறேன்னு அங்கேயே உக்காந்துட்டேன், ரெண்டு பேர் சேர்ந்துதான் என்னைத் தூக்கினாங்க.

பதினாறாம் நாள் படையல் போட்டு இலை வெச்சாங்க. சோறு துன்னேன். ஒண்ணரை வருஷம் கழிச்சி. அவ வாழ்ந்த வீட்டுலதான் துன்னேன், ஆனா அவ கையால இல்ல.

இப்பவும் பேலியோலதான் இருக்கேன். அதுமேல நான் பழி போட மாட்டேன், என் விரலைக் காப்பாத்தினது அதுதான். டாக்டர் சொல்றபடி மாசா மாசம் காட்டிக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு இருக்கேன். குரூப்பை விட்டு வெளியில வந்துட்டேன். யாருக்கும் கிளாஸ் எடுக்கறதில்ல. வருஷா வருஷம் சீரை அவ பொண்ணுக்குக் கொண்டு போறேன். அந்தப் பொண்ணு போடற மொத வாயை மட்டும் கேள்வி கேக்காம வாங்கித் துன்றேன்.

போன வாரம் கடைக்கு ஒரு அம்மா வந்தாங்க. போன வருஷம் பார்த்ததுக்கு ரொம்ப எளச்சிருந்தாங்க. பக்கத்துல இருந்த சேல்ஸ்மேன், "டயட்டாக்கா? சூப்பர்"ன்னு சிரிச்சார். நான் புடவையை மடிச்சி ஓரமா வெச்சிட்டு அவங்க மூஞ்சியைப் பார்த்து, "சோறு துன்றீங்களா? ஒழுங்கா எறங்குதா?"ன்னு கேட்டேன். அவங்க ஒரு மாதிரி பார்த்துட்டு, நல்லா எறங்குதுண்ணான்னு சிரிச்சாங்க. அந்த வார்த்தையில சோத்தைப் பத்தின கேள்வியே இல்லைங்க, நீ நல்லா இருக்கியான்னுதான் எங்க ஊரு கேக்குதுன்னு புரிஞ்சிக்க எனக்கு என் பாப்பா போக வேண்டியிருந்துச்சி.