முன் சீட்டில் பெண் இருந்த ஜீப்

“நீ படிச்சுட்டா மலை ரோடு நேராயிடுமா?” என்று அப்பா கேட்டார்.

கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளியில் எனக்குத் தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்ன அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி அது. அப்பா கரும்பு வெட்டும் கூலிக்காரர். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பதில்லை.

ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பள்ளி இருந்த ஊர் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருந்தது. கச்சிராயபாளையத்தில் கிளம்பும் காலை பஸ் அங்கே போய்ச் சேர்வதற்குள் முதல் பாடம் முடிந்துவிடும். மழை பெய்தால் வளைவுகளில் மண் சரியும், பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். சாராய ரெய்டு நடக்கும் வாரங்களில் எந்த வண்டியை எங்கே நிறுத்துவார்கள், யாரைப் பிடிப்பார்கள் என்று சொல்ல முடியாது. அந்தப் பாதையில் கை காட்டி, நிற்கிற வண்டியில் ஏறித்தான் நான் போய்வர வேண்டும்.

நாலு நாள் கழித்து அப்பா ஒத்துக்கொண்டார். “போ. ஆனா உன் பேரு ஸ்டேஷனுக்குப் போச்சின்னாலோ, ஊர்ல எவனாவது ஒரு வார்த்த பேசினாலோ, மறுநாளே நின்னுடணும்.”

சரி என்றேன். வேலை இருப்பதும் போவதும் இனி நான் ஏறும் வண்டியைப் பொறுத்தது என்று புரிந்தது. எனக்கு நானே சில விதிகள் வைத்துக்கொண்டேன். ஏறுவதற்கு முன் வண்டி எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொள்வது. டிரைவர் பார்க்கும்படி எழுதுவது. கதவு ஓரமாக உட்காருவது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெண்ணாவது இருக்கும் வண்டியில் மட்டுமே ஏறுவது.

காலையில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றப்போகும் லாரிகள் காலியாக மலை ஏறும். கிழங்கு பிடுங்கும் பெண்கள் அதில் நின்றுகொண்டு போவார்கள். முதல் நாள் நான் பக்கப் பலகையைப் பிடித்து ஏறத் தடுமாறியபோது ஒருத்தி, “டீச்சரம்மா, பொடவ கசங்கிடப் போவுது, என் தலமேல ஒக்காந்துக்கினு வரியா?” என்றாள். லாரியே சிரித்தது. அவர்களைக் கூட்டிப்போகும் மேஸ்திரி அக்கா மட்டும் சிரிக்காமல் என் தலையைத் தொட்டு, “பதினேழு” என்றார். அவர் ஒவ்வொரு முறையும் தலையைத் தொட்டு எண்ணுவார். ஏறும்போது எத்தனை பேரோ, இறங்கும்போதும் அத்தனை பேர் இருக்க வேண்டும். ஒரு தலை குறைந்தால் லாரி நகராது.

மூன்று மாதம் பதினேழாவது தலையாகப் போய்வந்தேன்.

ஐப்பசியில் ஒருநாள் பள்ளியில் பதிவேடுகளை முடித்துவிட்டு வர நேரமாகிவிட்டது. எனக்காக எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள், லாரி போய்விட்டது என்றே நினைத்தேன். சாயங்கால பஸ்ஸும் வரவில்லை. தூறலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு ஜீப் வந்தது. முன் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எண்ணை எழுதிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

காலுக்கடியில் விரித்திருந்த சாக்கு மெத்தென்று இருந்தது. மூன்றாவது வளைவில் அதன் அடியிலிருந்து ஏதோ உருண்டு வந்து என் கணுக்காலில் மோதியது. லாரி டியூப். காற்று அடைத்த டியூப் துள்ளும். இது தளும்பியது. மலையில் காய்ச்சும் சாராயத்தை எதில் ஊற்றிக் கீழே இறக்குவார்கள் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“அண்ணே, நிறுத்துங்க. நான் எறங்கிக்கிறேன்.”

“இன்னா டீச்சர், நடுக்காட்டுல? கம்முனு வாங்க. நீங்க இருந்தா செக்போஸ்ட்ல கை காட்டி நிறுத்த மாட்டாங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு, “வாந்தி வருது, வண்டியெல்லாம் ஆயிடும்” என்றேன். அவன் திட்டிக்கொண்டே நிறுத்தினான். குதித்து இறங்கிச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தேன். அவன் இரண்டு முறை ஹாரன் அடித்தான். நான் எழுந்திருக்கவில்லை. ஜீப் போய்விட்டது.

இருட்ட இன்னும் நேரம் இருந்தது. நடக்கத் தொடங்கினேன். இரண்டு வளைவு இறங்கியதும் பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. எங்கள் லாரிதான். கிழங்குக் கொல்லையில் சக்கரம் புதைந்து தாமதித்து, பதினேழாவது தலையைத் தேடிக்கொண்டே வந்திருக்கிறது. மேஸ்திரி அக்கா கிழங்கு மூட்டைகளின் மேலிருந்து கையை நீட்டித் தூக்கிவிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

“பொம்பள இருந்தா நல்ல வண்டின்னு நெனச்சியா? போலீஸ்காரனும் அப்டியே நெனப்பான்னுதான அவள ஒக்கார வச்சிருக்கான். நீ ரெண்டாவது பொம்பள.”

எனக்கு முகம் எரிந்தது. இத்தனை படித்து நான் வகுத்த விதியைச் சாராயக்காரர்கள் எனக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

செக்போஸ்ட்டில் அந்த ஜீப்பை ஓரங்கட்டியிருந்தார்கள். அந்தப் பெண் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளை என்ன சொல்லி ஜீப்பில் உட்காரவைத்தார்களோ. என்னால் அவளைக் குறை சொல்ல முடியவில்லை. போலீஸ்காரர் எங்கள் லாரியை அண்ணாந்து பார்த்து, “எத்தன பேரு?” என்றார். “பதினேழுங்க” என்றார் அக்கா.

யார் வாய் வழியாகவும் வருவதற்கு முன் அப்பாவிடம் நானே சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார். “போதும். நாளையிலேர்ந்து வூட்ல இரு.”

“பேரு ஸ்டேஷனுக்குப் போவலப்பா. ஊர்ல யாரும் பேசல. நீ சொன்ன ரெண்டும் நடக்கல.”

“நடந்திருந்தா?”

“நடக்கறதுக்கு முன்ன எறங்கிட்டேன். தெரியாத வண்டியில இனிமே ஏற மாட்டேன், அதுல பத்துப் பொம்பள இருந்தாலும். ஆனா வேலைய வுட மாட்டேன்.”

மறுநாள் காலை நான் கிளம்பியபோது அவர் தடுக்கவில்லை.

ஆனால் லாரி அறுவடை முடியும் வரைதான் ஓடும். மாசிக்குப் பிறகு பதினேழு பேர் இருக்க மாட்டார்கள். அதனால் அந்த வாரமே லாரியில் உட்கார்ந்து மனு எழுதினேன். பள்ளி தொடங்கும் முன் மேலே போய்ச் சேரும்படி ஒரு பஸ், சாயங்காலம் திரும்ப ஒரு பஸ். குலுக்கலில் எழுத்து கோணியது. “கைநாட்டு செல்லுமா?” என்று அக்கா கேட்டார். செல்லும் என்றேன். பதினாறு ரேகைகளுக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து, கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று, அதைக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன்.